தண்ணீர் தெளிக்காத பூ

பூக்கடைக்காரர்களுக்குக் கையில் ஒரு வியாதி உண்டு. பூவைக் கண்டால் தண்ணீர் தெளிக்காமல் இருக்க முடியாது. என் வீட்டுக்காரருக்கு அது முற்றிப்போன கேஸ். கடையில் அவர் காலடியில் எப்போதும் ஒரு அலுமினிய வாளி இருக்கும். வாடிக்கைக்காரரிடம் பேசிக்கொண்டிருப்பார், தம்பியைத் திட்டிக்கொண்டிருப்பார், போனில் தோவாளைப் பூச்சந்தைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். வலது கை மட்டும் தானாக வாளிக்குள் போகும், தானாக வெளியே வந்து விரல்களை உதறும். பிச்சி, அரளி, துளசி, தாமரை எல்லாவற்றுக்கும் ஒரே மழை. கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கும் கழக்கூட்டம் பக்கம் ஒரு சொந்தக்காரர் பிளாட் வாங்கிப் பால் காய்ச்சினார் என்று போயிருந்தோம். குடிக்கக் கொடுத்த தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை மேஜை மேல் இருந்த பூக்களில் தெளித்துவிட்டார். அது பிளாஸ்டிக் பூ. வீட்டுக்காரம்மா பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு மானம் போயிற்று. அவருக்கு ஒன்றும் போகவில்லை.

"கை போயிட்டு, என்ன செய்ய?" என்றார்.

அந்தக் கையைப் பற்றி முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது. இப்போது என் கைக்கு வருகிறேன்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள். கடை சாலைக் கம்போளம் என்கிற சந்தையின் ஓரத்தில். வீடு வலியசாலையில், அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், வாடகைக்கு. கடைக்கும் வீட்டுக்கும் நடை தூரம். வீட்டில் என் வீட்டுக்காரர், அவர் தம்பி, தம்பி மனைவி, நான். நாலு பேரும் பூக் கட்டுவோம். அதில் நான்தான் கெட்டி. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. வாழைநாரை ஈரப்படுத்திக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் பேச்சு பாட்டுக்குப் பேச்சு, கட்டு பாட்டுக்குக் கட்டு. அக்ரஹாரத்து மாமிகள் கடைக்கு வந்தால் "அவ கட்டினதா பாத்துக் குடுங்கோ" என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். தம்பி மனைவி கட்டியதையும் நான் கட்டியது என்று சொல்லி விற்பார் கொழுந்தன். எனக்கு அதுவும் பெருமைதான்.

ஒரு மழைக்காலத்தில் சிக்குன்குனியா வந்தது. சந்து முழுக்க எல்லாருக்கும் வந்தது, எல்லாருக்கும் போயிற்று. எனக்குக் காய்ச்சல் போயிற்று, விரல் வலி போகவில்லை. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. மடக்கினால் நிமிராது. பிச்சி மொட்டை இரண்டு விரலால் எடுத்து வைத்து, நாரைச் சுற்றி, முடிச்சுக்குள் இழுக்க வேண்டும். நான் இழுத்தால் மொட்டு நசுங்கியது, இல்லாவிட்டால் கட்டு நழுவியது. ஆஸ்பத்திரியில் மெல்ல மெல்லச் சரியாகும் என்றார்கள். அந்த மெல்ல எவ்வளவு மெல்ல என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள். நான் நார்க்கட்டை எடுத்தால் தம்பி மனைவி அதை மெதுவாக வாங்கிக்கொள்வாள். நான் தாமரை இதழை மடிக்க உட்கார்ந்தால் வீட்டுக்காரர் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போடுவார்.

"நீ சும்மா இரி பிள்ளே" என்பார்.

சும்மா இரி. காலையில் சும்மா இரி, மத்தியானம் சும்மா இரி. கடையில் எல்லாக் கைகளும் ஓடும்போது நடுவில் ஒருத்தி ஸ்டூலில் சும்மா இருப்பது என்னவென்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். சாமி படத்துக்குக்கூட மாலை ஏற்றுக்கொள்ளும் வேலை இருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை. அப்புறம் ஒரு நாள் கொழுந்தன் நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு அம்மாளைக் கூட்டிவந்து, நான் உட்காரும் பலகையில் உட்கார வைத்தார். சீசன் வருகிறது, ஆள் வேண்டும், வேறு என்ன செய்வார்? எல்லாம் நியாயம்தான். அந்த அம்மாள் கட்டு கொஞ்சம் தளர்வு. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனதுக்குள் தினமும் சொன்னேன்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காலத்தில்தான் ஸ்டாட்டிஸைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், அதற்கு முன்னால் அது கடையில் இல்லாமல் இல்லை. கழக்கூட்டத்துக் கம்பெனிகளில் யாராவது பெரியவர் வந்தால் பொக்கே கேட்பார்கள். அதற்காக வீட்டுக்காரர் பெங்களூர் பஸ்ஸில் ரோஜாவும் ஜெர்பெராவும் வரவழைப்பார். கூடவே ஊதா நிறத்தில் ஒரு கட்டு ஸ்டாட்டிஸ் வரும், ரோஜாவுக்கு நடுவில் இடம் அடைப்பதற்கு. மணம் கிடையாது. தலையில் வைக்க முடியாது. மாலையில் கோக்க முடியாது. தொட்டால் பொரித்த அப்பளம் போல மொறுமொறுக்கும். மணமில்லாத ஒன்றைப் பூ என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வராது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்.

பொக்கே கட்டி மிஞ்சிய ஒரு கொத்தை யாரோ கரண்ட் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் செருகியிருந்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்தால் என் கண் மட்டத்தில் அது இருக்கும். ஓணக் கூட்டம் வந்தது, போயிற்று. நவராத்திரி வந்தது. கீழே பலகையில் பூக்கள் காலையில் வந்து சாயங்காலம் குப்பைக்குப் போயின. மீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஊதா அப்படியே இருந்தது. ஒருநாள் எழுந்து அதை எடுத்துப் பார்த்தேன். தண்டு நல்ல கெட்டி, ஓரத்தில் சிறகு வைத்த மாதிரி பட்டையாக இருந்தது. என் விரல்களுக்கு நடுவில் அது நழுவாமல் நின்றது. பிச்சி நிற்காத இடத்தில் இது நின்றது. அதுவரை வராத ஒரு எண்ணம் அப்போது வந்தது: இதைக் கட்ட முடிச்சு வேண்டாம்.

ஏன் வளர்க்க வேண்டும், பெங்களூரிலிருந்து வாங்கியே கட்டியிருக்கலாமே என்று பலரும் கேட்டுவிட்டார்கள். வாங்கிக் கட்டினால் அது இன்னொரு பொக்கே வேலை. பெங்களூர்க்காரர்கள் விரியுமுன்பே வெட்டி, நெருக்கிக் கட்டி அனுப்புவார்கள். அதைக் காயவைத்தால் பாதி தலை தொங்கிவிடும். அது தவிர எனக்கென்று ஒன்று வேண்டும் என்று தோன்றியது. யாரும் என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொள்ள முடியாத ஒன்று.

விதையை ஆன்லைனில் வரவழைத்தேன். பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே உமி. காய்ந்த பூச் சருகைப் பிய்த்துப் போட்ட மாதிரி இருந்தது. என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று போனில் திட்டத் தயாரானேன். அப்புறம் வீடியோ பார்த்தால் அதுதான் விதையாம், உமிக்குள்ளே இருக்கிறதாம். அடுத்த வருஷம் ஓணம் முடிந்ததும் மொட்டை மாடியில் தட்டுகளில் தேங்காய் நார்க் கழிவும் மணலும் கலந்து தூவினேன். முளைத்தது. துலா மாத மழையில், அதாவது நம் ஐப்பசி மழையில், பாதி அழுகிற்று. மீதியைத் தொட்டிக்கு மாற்றினேன். நன்றாக வளர்ந்தது. ரொம்ப நன்றாக வளர்ந்தது. முள்ளங்கி இலை போல அகலமாக இலை விட்டுத் தொட்டி நிறையப் படர்ந்தது. தை போயிற்று, மாசி போயிற்று. இலை, இலை, இன்னும் இலை. பூத்தண்டு எழும்பவே இல்லை.

தம்பி மனைவி துணி காயப்போட வரும்போதெல்லாம் தொட்டிகளை எட்டிப் பார்ப்பாள். "அக்கா, தேங்கா போட்டு இத ஒரு பொரியல் வச்சிப் பாப்பமா?" என்பாள். அவளுக்கு அது விளையாட்டு. நானும் சிரிப்பேன், உள்ளுக்குள் எரியும்.

கடைசியில் ஒரு இலையைப் பறித்துக்கொண்டு கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த ஆபீசர் என்னைவிட ரொம்பச் சின்னப் பெண். இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"சேச்சி, இது தணுப்புள்ள ஸ்தலத்தெ செடியா. செறுப்பத்தில் நல்ல தணுப்பு கிட்டணும். இவிடெ இல மாத்ரமே வரூ. நமுக்கு மரிகோல்டு நோக்கிக்கூடே?"

இது குளிர் ஊர்ச் செடி, சின்ன வயதில் அதற்குக் குளிர் கிடைக்க வேண்டும். இங்கே இலை மட்டும்தான் வரும். செண்டுமல்லி போடுங்கள் என்கிறாள். செண்டுமல்லி எங்கள் கடையில் கூடை கூடையாகக் கிடக்கிறது. அதைக் கட்டவும் விரல் வேண்டும். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பெண் சொன்னது எல்லாம் சரி. ஒரு விஷயம் மட்டும் அவளுக்குத் தெரியாது: என் நாத்தனார் பொன்முடி மலையில் இருக்கிறாள்.

நாத்தனார் என்றால் வீட்டுக்காரரின் அக்கா. தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்கிற ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, அங்கே தொழிலாளர் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். அடுத்த ஓணம் முடிந்து நாற்று விட்டதும் அவளுக்குப் போன் போட்டேன்.

"மைனி, நாத்துக்குக் கொஞ்சம் குளிர் வேணும்."

"இங்க அது ஒண்ணுதான் இருக்கு. எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோ" என்றாள்.

துலா மழை ஓய்ந்ததும் நாற்றுத் தட்டுகளைக் காய்கறிப் பெட்டியில் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பொன்முடிக்கு பஸ் குறைவு. கிடைத்ததை விட்டால் பிறகு வருத்தப்பட வேண்டியதுதான். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பெட்டி ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன். விரல்களால் இறுக்கிப் பிடிக்க முடியாததால் இரண்டு முழங்கையாலும் அணைத்துக்கொண்டேன். நாத்தனார் லயத்து முற்றத்தில், குரங்கு வராமல் இருக்கப் பழைய கொசுவலையால் மூடி, தட்டுகளை வைத்துக்கொண்டாள். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் அங்கேயே இருந்தன. தை பிறந்து திரும்ப எடுக்கப் போனபோது பார்த்தால் எனக்கு அழுகையே வந்துவிட்டது. செடிகள் வளரவே இல்லை. தரையோடு ஒட்டி, இலை ஓரமெல்லாம் சிவந்து கிடந்தன.

"குளிர்ல சுருண்டு கெடந்துச்சி. நாங்களும் அப்படித்தான் கெடந்தோம்" என்றாள் நாத்தனார்.

கொண்டு வந்து மாடியில் வெயில் அடிக்கிற இடமாகப் பார்த்து நட்டேன். வேருக்கு மட்டும் தண்ணீர், இலையில் ஒரு சொட்டு விழக்கூடாது. மாசியில் ஒரு காலை, நடுவிலிருந்து ஒரு தண்டு எழும்பியிருந்தது. சிறகு வைத்த தண்டு. நான் உட்கார்ந்து அதையே பார்த்தேன். காபி ஆறிப்போயிற்று. அடுத்தடுத்து எல்லாத் தொட்டியிலும் எழும்பின. ஊதா, மஞ்சள், வெள்ளை, ஒன்றிரண்டு ரோஸ். அதைப் பார்த்தபின் தம்பி மனைவி பொரியல் பேச்சை விட்டுவிட்டாள்.

கொழுந்தன் மாடிக்கு வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு மைனி. ஆனா வாடாத பூவ வித்தா அடுத்த வாரம் யாரு கடைக்கு வருவா?" என்றார். நம் பிழைப்பே பூ வாடுவதால்தான் நடக்கிறது என்பது அவர் கட்சி. வீட்டுக்காரர் யோசித்துவிட்டு, "விஷுவுக்குக் கடை வாசல்ல ஒரு ஓரம் தாறேன். போணியானா அது உனக்க இடம். ஆகலேன்னா விட்டிரு, கையைக் கெடுத்துக்காத" என்றார். விஷுவுக்கு முந்தின நாள் எங்கள் கடை வாசலில் ஒரு சாண் இடம் கிடைப்பது சாதாரணம் இல்லை. சித்திரை பிறக்கிற விடியலில் கண் விழித்துப் பார்க்கும் கணிக்கு ஊரே கொன்றைப் பூ வாங்க வரும். எனக்கு அது போதும். அந்த ஓரம் கிடைத்தால் நான் மறுபடியும் கடைக்காரி. கிடைக்காவிட்டால் ஸ்டூல்தான்.

இதழ்கள் முக்கால்வாசிக்கு மேல் விரிந்த தண்டாகப் பார்த்து வெட்டினேன். ஒரு பிடி சேர்த்து ரப்பர் பேண்டு போட்டேன். நாரும் நூலும் இதற்கு ஆகாது. காயக் காயத் தண்டு ஒடுங்கும், முடிச்சு கழன்று கட்டு கீழே விழும். ரப்பர் பேண்டு கூடவே ஒடுங்கும். மாடி அறையில் குறுக்கே கயிறு கட்டி, ஜன்னலுக்குப் பழைய சேலையைத் தொங்கவிட்டு, கொத்துகளைத் தலைகீழாக மாட்டினேன். வெளிச்சம் பட்டால் நிறம் வெளுக்கும்; அதனால் இருட்டு. வீட்டில் எல்லாருக்கும் சொன்னேன், இது காய வேண்டும், பங்குனி முடிவதற்குள் காய்ந்துவிடும், தொடாதீர்கள் என்று. வீட்டுக்காரரும் தலையாட்டினார்.

காயவில்லை. தினமும் மத்தியானம் போய்த் தொட்டுப் பார்ப்பேன், ஈரமாகவே இருந்தது. இந்த ஊர்க் காற்றைப் பற்றி எனக்குத் தெரியும், உப்பு ஜாடியைத் திறந்துவைத்தால் தண்ணீராகும் ஊர். அதனால் வெயில் நேரத்தில் ஜன்னலைத் திறந்தேன், பொழுது சாய்ந்ததும் மூடினேன். மின்விசிறி போட்டேன். கொத்துகளின் நடுவில் சாம்பல் நிறத்தில் பூசணம் பிடிக்கத் தொடங்கியது. ஊதா நிறம் தண்டில் வழிந்திருந்தது. கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தேன். மழையே இல்லை.

விஷுவுக்குக் கொஞ்ச நாள் இருந்தபோது, ஒரு காலையில் தோவாளை வண்டி வரத் தாமதமாயிற்று. வழக்கமாக நான் எழுவதற்கு முன்பே கடைக்குப் போய்விடும் வீட்டுக்காரர் அன்று வீட்டில் இருந்தார். நான் மாடி அறையில் கொத்துகளைக் கலைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். படியில் காலடி கேட்டது. சேலைத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் கையில் செம்பு இருந்தது. இருட்டில் என்னைக் கவனிக்கவில்லை. செம்புக்குள் கைவிட்டு, முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்து, ஒரு கொத்து விடாமல் பதமாகத் தெளித்துக்கொண்டே வந்தார்.

"என்ன செய்யுதீங்க?" என்றேன்.

திடுக்கிட்டார். அப்புறம் சமாளித்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல. ரெண்டு துளி. தலைகீழா தொங்குது, பாக்கப் பாவமா இருக்கு. நீயும் இந்த வெரல வச்சிக்கிட்டு எத்தன தடவ மாடி ஏறுவ?"

"தினமுமா?"

"தினமுந்தான். மறப்பேனா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. செம்பைப் பிடுங்கினேன். என் விரல்கள் அதையும் பிடிக்கவில்லை. கை நழுவி, வாசலுக்கு வெளியே விழுந்து, படிக்கட்டு முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டு உருண்டு இறங்கியது. கீழே தம்பி மனைவி என்னவோ கேட்டாள்.

"இது காயணும்ங்க. காயத்தான் தொங்கவிட்டிருக்கேன். சொன்னேன்லா?"

"பூவ யாராவது காய வைப்பாங்களா?" என்றார்.

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் சொன்னது காதுக்குப் போயிருக்கிறது, கைக்குப் போகவில்லை. சின்ன வயதிலிருந்து பூவைக் காயவிடாமல் காப்பாற்றிய கை அது. காய்கிற பூவைப் பார்த்துக்கொண்டு சும்மா போக அதற்குத் தெரியாது. எனக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்து, எனக்குத் தெரியாமல், வண்டிக்குப் போகும் முன் தினமும் ஏறி வந்திருக்கிறார். எல்லாம் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை. அன்று தேம்பித் தேம்பி அழுதேன். அவர் ஈரக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

பூசணம் பிடித்ததையெல்லாம் நானே கூடையில் அள்ளிக் கொட்டினேன். அந்த விஷுவுக்குக் கடைக்குப் போகவில்லை. எனக்காக வைத்திருந்த ஓரத்தில் கொழுந்தன் கொன்றைப் பூ போட்டார். நன்றாகப் போணியாயிற்று என்று கேள்விப்பட்டேன். "இனி விட்டிருங்க மைனி. உடம்பப் பாருங்க" என்றார். தம்பி மனைவி எனக்குப் பிடிக்கும் என்று உளுந்தங்கஞ்சி வைத்துக் கொடுத்தாள். திரும்பவும் எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டு மாடிக்குப் போய்க் காலித் தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். தோற்றுப்போய்க் கவிழ்க்கவில்லை. மழைத் தண்ணீர் தேங்கினால் கொசு வரும். எனக்கு இன்னொரு சிக்குன்குனியா வேண்டாம்.

ஓணம் முடிந்ததும் விதை தூவினேன். யாரிடமும் கேட்கவில்லை. துலா மழைக்கு முன்பே தட்டுகளுக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் கட்டினேன். பொன்முடிக்குக் கிளம்புகிற அன்று வீட்டுக்காரர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து நின்றார். "ஒரு பெட்டிய நான் பிடிக்கேன்" என்றார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு பெட்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டு வந்தார். வழியில் ஒரு தடவை தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் குடித்துவிட்டு மூடிவிட்டார்.

தையில் மலையிலிருந்து இறக்கினோம். மாசியில் தண்டு எழும்பியது. போன வருஷத்தைவிட நல்ல விளைச்சல். வெட்டிக் கட்டி, மாடி அறையில் மாட்டிவிட்டு, கடைத்தெருவில் வாங்கி வந்த பூட்டைக் கதவில் மாட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன நம்பலியா?"

"உங்கள நம்புறேன். உங்க கையத்தான் நம்பல."

கொஞ்ச நேரம் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இறங்கிப் போனார். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பூட்டை எடுக்கவில்லை.

பங்குனியில் ஒருநாள் கதவைத் திறந்து ஒரு கொத்தைத் தொட்டேன். சரசரத்தது. தண்டை வளைத்தால் பட்டென்று ஒடிந்தது. வெட்டும்போது இருந்த அதே ஊதா, அதே மஞ்சள். கொத்துகளை மடியில் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

விஷுவுக்கு முந்தின நாள் கடை வாசல் முழுக்க மஞ்சள். கொன்றைப் பூவும் வெள்ளரிக்காயும் வாங்க வந்த கூட்டம் ரோட்டை மறைத்தது. நாகர்கோவில் அம்மாள் என் பழைய பலகையில் உட்கார்ந்து நிமிராமல் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வாசலில் கடைசி ஓரம். ஒரு மண்சட்டியில் தண்ணீர் இல்லாமல் கொத்துகளை நிறுத்திவைத்து, பக்கத்தில் நின்றேன். முதலில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பழக்கமான ஒரு மாமி மட்டும் நின்று விரலால் தட்டிப் பார்த்தார். "இது ஸ்வாமிக்கு ஆகுமோ?" என்றார். ஆகாது மாமி, வீட்டில் அழகுக்கு வைக்கலாம் என்றேன். நான் கட்டிய பிச்சி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கொன்றைப் பூ வாங்கிக்கொண்டு போனார். கொழுந்தன் என் பக்கம் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டார். அந்த ஓரத்தில் இன்னும் ஒரு கூடை கொன்றை வைத்திருக்கலாமே என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. நகரக்கூடாது என்று நின்றேன்.

வெயில் ஏறியது. வீட்டுக்காரர் வாளியோடு வரிசையாகத் தெளித்துக்கொண்டே வந்தார். பிச்சிக்கு, தாமரைக்கு, துளசிக்கு, கொன்றைக்கு. வாய் யாருடனோ பேசிக்கொண்டிருந்தது. கை பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் கழுத்தில் ஆபீஸ் அட்டை மாட்டிய ஒரு பெண், கழக்கூட்டத்தில் வேலை செய்பவளாக இருக்கும், என் சட்டி முன்னால் நின்றாள். எத்தனை நாள் இருக்கும், தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்று, கடைக்காரர் என்று அவரைத்தான் கேட்டாள்.

"சேட்டா, இது எத்ர நாள் இரிக்கும்? வெள்ளம் ஒழிக்கணோ?"

அவர் கை சொட்டச் சொட்ட என் சட்டிக்கு மேலே வந்துவிட்டது. என் மூச்சு நின்றது. கையும் நின்றது. மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டில் உள்ளங்கையைத் துடைத்தார், புறங்கையைத் துடைத்தார், விரல் இடுக்கெல்லாம் துடைத்தார்.

"அது அவளுக்க பூவாக்கும் மோளே. அவகிட்ட கேளு. எனக்கு அதப்பத்தி ஒண்ணும் தெரியாது" என்றார். கொஞ்சம் யோசித்து, "வெள்ளம் மட்டும் படக்கூடாது" என்றார்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். நான் ஒரு கொத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். எங்கே வளர்த்தது, எப்படிக் காயவைத்தது என்று கேட்டாள். என் மலையாளத்தில் சொன்னேன். பொன்முடியையும் சொன்னேன். பேச்சைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி மஞ்சளும் ஊதாவும் கலந்து கட்டித் தரச் சொன்னாள். இரண்டு கொத்தைப் பிரித்து, கலந்து, ரப்பர் பேண்டைச் சுற்றினேன். விரல் வலித்தது. கட்டு நழுவவில்லை. அதற்குள் இன்னொருத்தி வெள்ளை கேட்டாள்.

அவர் கடைக்குள்ளிருந்து அந்தப் பழைய ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து என் பின்னால் போட்டார். "எவ்வளவு நேரம் நிப்ப? இதுல இரி" என்றார்.

ஸ்டூலை வாங்கி முன்னால் போட்டேன். மண்சட்டியைத் தூக்கி அதன் மேல் வைத்தேன், பின்னால் நிற்பவர்களுக்கும் தெரியட்டும் என்று.